மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் குலை பழுக்க வைக்கும் அறை: ஐந்துக்கு நாலரை

மகள் கல்யாணத்துக்கு மட்டி வாழைக்குலை 14 வெட்டினோம். பாயசத்தில் பப்படத்தோடு பிசைய மட்டிப்பழம் இல்லாமல் எங்கள் ஊர்ப் பந்தி நிறைவதில்லை. அத்தனை குலையும் ஒரே நாளில் பழுத்தாக வேண்டும். அதனால் எத்திலீன் அறை வைத்திருப்பவரிடம் கொடுத்தோம்.

இறக்கியதும் ஒவ்வொரு காயின் விளிம்பையும் தடவிப் பார்த்து இரண்டு குலையை ஒதுக்கினார். "இது இன்னும் வெளையல்ல டீச்சர், கேஸ் போட்டாலும் சரியா பழுக்காது." முப்பது வருஷம் தாவரவியல் நடத்திய எனக்கு அந்த ஒரு சொல்லிலேயே நம்பிக்கை வந்துவிட்டது.

எத்திலீன் வாழைக்காயே சுரக்கும் ஹார்மோன், ஒரு வாயு. அதை உணரும் ஏற்பிகள் செல்லுக்குள் இருக்கின்றன. எத்திலீன் இல்லாதவரை அந்த ஏற்பிகள் பழுப்பதைத் தடுத்துக்கொண்டே இருக்கும். ஏற்பியிலுள்ள செம்பில் எத்திலீன் வந்து ஒட்டினால் தடை விலகும். மாவு சர்க்கரையாகும், பச்சை மறையும், காயே மேலும் எத்திலீன் விடும். அதனால் வெளியிலிருந்து ஒரு நாள் கொடுத்தால் போதும். விளையாத காய்க்கு இந்த உணர்வு குறைவு. அப்பா குழியில் கதம்பல் (தேங்காய் மட்டை) புகை போட்டுப் பழுக்க வைத்ததும் இதே கணக்குதான், புகையிலும் எத்திலீன் உண்டு.

அறையில் 18 டிகிரி. வாயு 100 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு) மேல் போகாது, சட்ட வரம்பும் அதுவே. நடுநடுவே கதவைத் திறந்து காற்று மாற்றுகிறார்; காய் விடும் கரியமில வாயு தேங்கினால் எத்திலீனின் வேலையைத் தடுக்கும். இதற்குச் சோம்பாத ஆளை நான் மதிக்கிறேன். காயைப் பழுக்க வைக்கப் போடும் கார்பைடு கல்லின் வாசமே அங்கே இல்லை. முன்பு அக்கா வீட்டு விசேஷத்துக்கு வேறொரு கடையில் வாங்கிய பழம், தோல் மஞ்சள், உள்ளே மாவு. பந்தியில் அப்படியே ஒதுக்கிவிட்டுப் போனார்கள், அந்த வேதனை இன்னும் மறக்கவில்லை.

ஐந்தாம் நாள் பன்னிரண்டு குலையும் ஒரே மஞ்சள். குலைக்கு 40 ரூபாய். குறை என்றால், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதில் ஒரு குலையின் அடிச்சீப்பு நசுங்கிவிட்டது, தொங்கவிட்டிருக்கலாம். முகூர்த்த மாதங்களில் இடம் கிடைக்காது, முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஒதுக்கிய இரண்டையும் அடுக்களையில் தொங்கவிட்டேன். கல்யாணம் முடிந்து எட்டாம் நாள் ஒன்றில் மேல்சீப்பு மட்டும் மஞ்சளித்தது, கீழே இன்னும் பச்சை.