அரசே கட்டுவதா, விலை பேசி வாங்குவதா?

மனித விண்பயணத்துக்கு அரசு எப்படிப் பணம் போட வேண்டும்? மட்டக்களப்பு, கல்முனைப் பாடசாலை விவாத அணிகளுக்கு எந்தப் பக்கம் எடுப்பதென்று தடுமாற்றம். நாட்கூலிக்கு மேசன் பிடிப்பதற்கும் கொந்தராத்துக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

செலவு
எஸ்எல்எஸ் ரொக்கெட், ஓரியன் விண்கலம் (அரசு வழி, அமெரிக்காவின் நாசா கட்டுவிப்பது): ஒரு பயணத்துக்குச் சுமார் 410 கோடி டொலர்.
ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ட்ராகன் விண்கலம் (நிலையான விலை, முன்கூட்டியே பேசி வாங்குவது): 2019 மதிப்பீட்டில் ஓர் ஆசனத்துக்குச் சுமார் 5.5 கோடி டொலர்.
முன்னையது நிலவுக்கு, பின்னையது பூமிக்கு அருகிலுள்ள விண்வெளி நிலையத்துக்கு. இரண்டையும் நேரே ஒப்பிட்டால் எதிரணி அங்கேயே மடக்கிவிடும்.

தாமதம்
எஸ்எல்எஸ்: 2016இல் பறக்கவேண்டியது 2022 நவம்பரில்தான் பறந்தது. செலவோடு இலாபமும் சேர்த்துக் கொடுக்கும் ஒப்பந்தம் என்பதால் சுமை அரசின் தலையில்.
நிலையான விலை: விண்வெளி நிலையத்துக்கு ஆட்களைக் கொண்டுபோக 2014இல் போயிங்குக்கு 420 கோடி, ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி டொலர். போயிங்கின் மேலதிகச் செலவைப் போயிங்கே சுமந்தது.

பாதுகாப்பு
இதுதான் முக்கியம். 2024இல் போயிங்கின் ஸ்டார்லைனர் விண்கலத்தில் ஹீலியம் கசிந்தது, உந்திகள் பழுதாகின. கலம் ஆளின்றித் திரும்பியது. அதில் போன விண்வெளி வீரர் இருவரும் 2025 மார்ச்சில் ட்ராகனில் இறங்கினார்கள். ஒரே நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தால் இந்த வழி இருந்திருக்காது.

வாங்கப் பலர் உள்ள, பழகிய பாதைக்கு நிலையான விலை. வேறு வாடிக்கையாளரே இல்லாத நிலவுப் பயணத்தின் முதற்கட்டத்துக்கு அரசு வழி.