கோட்டையைப் பிடிப்பதா, கையெழுத்து மேசையில் உட்காருவதா? கதையுள்ள மாற்று வரலாற்று கேம்கள்: ஓர் ஒப்பீடு

1791 நவம்பரில் கும்பினிப் படை, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கியது. மேல்கோட்டைக்கு ஏற முடியாமல் திரும்பியது. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டின ஒப்பந்தத்தில் திப்பு கையெழுத்திட்டதும் அதே கோட்டை, சுற்றியிருந்த பாரமகால் முழுவதோடும் சேர்ந்து ஆங்கிலேயர் வசமானது. பின்னாலேயே கும்பினி அதிகாரியாக அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராகத் தாமஸ் மன்றோவும் வந்தார்கள். உழுபவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் வளர்ந்தது. சண்டையில் விழாத கோட்டை காகிதத்தில் விழுந்தது.

அந்தக் கையெழுத்து விழாமல் போயிருந்தால்? அந்தக் கோட்டை நிற்கும் சையத் பாஷா மலையைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு மாற்று வரலாறு என்பது இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது. ஓசூரில் ஷிப்ட் முடித்து வரும் தம்பிகளும், பர்கூர் இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகளும் என்னிடம் கேட்பதும் கிட்டத்தட்ட இதுதான்: "அண்ணா, வரலாத்தையே மாத்துற மாதிரி, ஆனா கதையும் கனமா இருக்கிற மாதிரி ஒரு கேம் சொல்லுங்க." கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் மாற்று வரலாறு என்ற குறிச்சொல்லைத் தட்டினால் துப்பாக்கிச் சண்டை, டாங்கிப் போர், நீராவி ரோபோ எல்லாம் கலந்து வந்து கொட்டுகிறது. அதில் வியூகமும் கதாபாத்திரமாக வாழ்வதும் சேர்ந்த கேம்களை மட்டும் எடுத்து இங்கே எதிரெதிரே வைக்கிறேன்.

என் அளவுகோல் ஒன்றுதான். நான் வரலாற்றை மாற்றிய பிறகு, அந்த மாறிய உலகில் வாழும் ஒரு மனிதர் வந்து என்னிடம் பேசுகிறாரா? என் முடிவு அவர் வீட்டுக்குள் என்ன செய்தது என்று எனக்குத் தெரிகிறதா?

வரைபடமா, வம்சமா

நம் கேள்வியை நேரடியாகக் கேட்க விடும் கேம் யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4. 2013-இல் வந்தது. 1444 முதல் 1821 வரை எந்தத் தேதியிலும் ஆட்டத்தைத் தொடங்கலாம். 1790 என்று வைத்து மைசூரை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டணி, கடன், படை, கோட்டை என்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டு ஆடி, கும்பினியைக் கடலுக்குத் தள்ளலாம். வியூகம் என்ற வகையில் இதற்கு ஈடு சொல்லக் கூடியவை குறைவு. ஆனால் ஜெயித்த பிறகு மாறுவது வரைபடத்தின் நிறம்தான். பாரமகாலில் ஓர் உழவர்கூட வாய் திறக்க மாட்டார். 2025-இல் வந்த ஐந்தாம் பாகம் 1337-இல் தொடங்குகிறது. அதில் திப்பு காலத்தைத் தொடவே நானூற்றைம்பது ஆண்டு ஆட வேண்டும். அதற்குள் அந்த உலகில் மைசூர் என்று ஒன்று இருக்குமா என்பதே கேள்வி.

இந்த இரண்டையும் வெளியிட்ட பாரடாக்ஸ் நிறுவனத்தின் குருசேடர் கிங்ஸ் 3 (2020) வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. இதில் நீங்கள் நாடாக ஆடுவதில்லை, ஒரு மனிதராக ஆடுகிறீர்கள். அவர் இறந்தால் வாரிசாகத் தொடர்கிறீர்கள். 1066 தொடக்கத்தில் சோழர்களை எடுத்துப் பாருங்கள். அது வீரராஜேந்திரர் காலம். நிஜத்தில் அவர் 1070-இல் மறைந்தார். மகன் அதிராஜேந்திரர் அரியணையில் நிலைக்கவே இல்லை. அதே ஆண்டில் கீழைச் சாளுக்கிய வழியில் வந்த குலோத்துங்கர் சோழ முடியைச் சூடிவிட்டார். தமிழ் வரலாற்றில் "இப்படி நடக்காமல் இருந்திருந்தால்" என்று கேட்கத் தக்க இடங்களில் இது முக்கியமானது. இந்த கேமில் அந்தக் கேள்வி ஒரு குடும்பத்தின் கவலையாகவே உங்கள் முன் வந்து நிற்கும். மகனை யாரிடம் வளர்க்க விடுவது, எந்த உறவினரை எங்கே அமர்த்துவது, யாருக்குப் பெண் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டே இருப்பீர்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு மன அழுத்தம். இரக்க குணமுள்ள அரசரை வைத்துக்கொண்டு கைதியைக் கொன்றால் அவர் மனம் உடையத் தொடங்குகிறது. உங்களுக்கு லாபமான முடிவும் அவர் இயல்புக்குப் பொருந்தும் முடிவும் மோதிக்கொள்ளும். பாத்திரமாக வாழ்வது என்பதை எண்களைக் கொண்டே இவ்வளவு நேர்மையாகச் செய்த கேம் வேறு எனக்குத் தெரியவில்லை. 2024-இல் வந்த ஒரு விரிவாக்கத்தில் நிலமே இல்லாத நாடோடி வீரராகவும் ஆடலாம். 2025-இல் வந்தது சீனாவையும் தென்கிழக்காசியாவையும் வரைபடத்தில் சேர்த்துவிட்டதால், கடாரத்தை நோக்கிச் சோழர் பார்வை திரும்புவதற்கும் இப்போது பொருள் உண்டு.

குறையையும் சொல்லிவிடுகிறேன். விருந்து, வேட்டை, பொறாமை என்று அதே நிகழ்வுகள் திரும்பத் திரும்ப வரும். ஐரோப்பிய அரசவைக்கு எழுதிய அளவு அக்கறையோடு நம் அரசவைக்கு எழுதவில்லை. கதையின் பாதியை நீங்கள்தான் மனதில் இட்டு நிரப்ப வேண்டும். அப்படி நிரப்பத் தெரிந்தவருக்கு இது தீராத ஊற்று. கதையை யாராவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் சில மாலைகளில் சலித்துவிடுவார்.

எழுதிவைத்த கதை வேண்டுமென்றால்

அவர்களுக்கு எக்ஸ்பெடிஷன்ஸ்: ரோம் (2022). அப்பா கொலையுண்டு, ரோமை விட்டு ஓடிவந்து, ஆசியா மைனரில் படையில் சேரும் இளைஞராகவோ இளம்பெண்ணாகவோ ஆடுகிறீர்கள். பிறகு வட ஆப்பிரிக்கா, அதன் பின் கால் (Gaul) என்ற இன்றைய பிரான்ஸ் பகுதி. நிஜத்தில் சீசர் நடத்திய கால் போரை இங்கே நீங்கள் நடத்துகிறீர்கள். வரலாறு திரும்பும் இடம் அதுதான். பெண்ணாக ஆடினால் செனட்டர்களும் படைவீரர்களும் பேசும் விதமே மாறுகிறது. அதை இவர்கள் மேலோட்டமாகச் செய்யவில்லை. கூட வரும் ஐவரும் ஆளுக்கொரு கருத்து உள்ளவர்கள். நீங்கள் ஒரு கிராமத்தைக் கொளுத்தச் சொன்னால் இரவு முகாமில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

குருசேடர் கிங்ஸோடு வைத்துப் பார்த்தால், இங்கே சண்டை அருமை: அறுகோணக் கட்டங்களில், முறை வைத்து, ஒவ்வோர் ஆளையும் நகர்த்தி ஆடுவது. ஆனால் படையணிகள் மோதும் பெரும்போர் சப்பென்றிருக்கும். தளபதியையும் தந்திரத்தையும் தேர்ந்தெடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வியூகத்துக்காக வாங்குபவர் இதில் ஏமாறுவார். கதைக்காக வாங்குபவருக்கு முழு உணவு.

மேசையில் உட்காரும் கேம்

இனி, நான் யாருக்கும் தயங்காமல் சொல்லும் கேம். சுசரெய்ன் (2020), பெர்லினைச் சேர்ந்த டோர்ப்போர் கேம்ஸ் செய்தது. சண்டைக் காட்சி கிடையாது. ஏறக்குறைய முழுக்க எழுத்து. 1954-இல் சோர்ட்லாண்ட் என்ற கற்பனை நாட்டின் அதிபராக ஆன்டன் ரெய்ன் பதவியேற்கிறார். முன்னாள் சர்வாதிகாரி விட்டுச்சென்ற அரசியல் சட்டம், சரிந்த பொருளாதாரம், வடக்கே படை திரட்டும் ரும்பர்க், இரண்டு வல்லரசுகளின் இழுபறி, நாட்டுக்குள்ளேயே ஒடுக்கப்படும் புளூடிஷ் மக்கள். கற்பனை உலகை மாற்று வரலாறு என்று சொல்லலாமா என்று சிலர் வாதிடுவார்கள். பனிப்போர் காலத்து நிஜ நெருக்கடிகள் ஒவ்வொன்றும் வேறு பெயரில் வந்து உட்கார்ந்திருப்பதால் எனக்கு அதில் தடையில்லை.

பட்ஜெட்டில் சாலைக்கா ரயிலுக்கா என்று ஒரு கையெழுத்து. அது எந்த மாகாணத்தை வாழவைக்கும், எந்தத் தொழிலதிபரைக் கொழுக்கவைக்கும் என்பது பல அத்தியாயம் தாண்டித் தெரியவரும். சட்டத் திருத்தத்துக்கு அவையில் ஓட்டு வேண்டும், உச்ச நீதிமன்றத்தில் ஆள் வேண்டும். ஓட்டுக்காக ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருப்பீர்கள். அது இன்னொருவருக்குக் கொடுத்த வாக்கோடு முட்டும். வீட்டில் மனைவி மோனிகா பெண்கள் உரிமைக்காக உங்களிடம் கேட்பார். "இப்போது நேரமில்லை" என்று சொன்னால் அதுவும் பதிவாகும்.

தகடூர் அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போனதை நம் ஊரில் படிக்காதவர் இல்லை. உன் ஆயுதங்கள் நெய் பூசி, பீலி சூடி அழகாக இருக்கின்றன. அவன் ஆயுதங்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று, புகழ்வது போலச் சொல்லி எச்சரித்துவிட்டு வந்த தூது அது. ஒரு வாக்கியத்தின் எடை எவ்வளவு என்று தெரிந்தவர்கள் நாம். ரும்பர்க் தரப்போடு பேச உட்காரும் காட்சியில் எந்த வாக்கியத்தைத் தேர்ந்தெடுப்பது என்று திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அந்த எடையை உணர்வீர்கள். 1792-இல் மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரின் நெருக்கடியை எனக்குப் புரியவைத்தது, ஆயிரக்கணக்கில் படைகளை நகர்த்திய எந்த கேமும் அல்ல, இதுதான்.

இதற்கு நேர் போட்டி 80 டேஸ் (2014). அதுவும் எழுத்துதான், ஆனால் லேசான கால்களோடு ஓடும் கேம். 1872-இல் உலகைச் சுற்றும் பயணம். நீங்கள் முதலாளியல்ல, அவருடைய பணியாள். பணம், சாமான், அவர் உடல்நிலை, நாள்கணக்கு எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும். இந்த உலகத்தில் இயந்திர நுட்பம் ஐரோப்பாவுக்கு மட்டும் சொந்தமாக இல்லை. காலனி நாடுகள் என்று நாம் படித்த இடங்களில் இருப்பவர்கள் தங்கள் கண்டுபிடிப்போடும் அரசியலோடும் வந்து பேசுகிறார்கள். அந்த ஒரு மாற்றமே பெரிய மாற்று வரலாறு. சுசரெய்ன் ஒரு முடிவின் விளைவை ஆழமாகத் தோண்டுகிறது. 80 டேஸ் அகலமாகக் காட்டிவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்கிறது. ஒரு சுற்று ஒரே மாலையில் முடிந்துவிடும் என்பதால் நேரமில்லாதவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்.

தோளில் பையோடு நடப்பவர்கள்

ஒரு பாத்திரமாகவே உலகில் நடந்து திரிந்து ஆடும் ரோல்பிளேயிங் வகையில் ஃபால்அவுட்: நியூ வேகாஸ் (2010), த அவுட்டர் வேர்ல்ட்ஸ் (2019) இரண்டும் அப்சிடியன் நிறுவனம் செய்தவை. இரண்டின் வேரிலும் மாற்று வரலாறு இருக்கிறது. ஃபால்அவுட்டில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உலகம் வேறு பாதையில் போய், 2077-இல் அணுகுண்டுகளில் எரிகிறது. அவுட்டர் வேர்ல்ட்ஸில் 1901-இல் அமெரிக்க அதிபர் மெக்கின்லி சுடப்பட்டு இறக்கவில்லை. அதனால் தியோடர் ரூஸ்வெல்ட் அப்போது அதிபராகவில்லை. பெருநிறுவனங்களைக் கட்டுப்படுத்த ஆளில்லாமல் கடைசியில் அவையே விண்வெளிக் குடியிருப்புகளை ஆள்கின்றன.

கருவில் இரண்டாவதுதான் என்னை அதிகம் தொட்டது. எட்ஜ்வாட்டர் என்ற மீன் டப்பா ஆலை ஊரில், தான் புதைக்கப்படப்போகும் குழிக்குத் தொழிலாளியே வாடகை கட்டுகிறார். தற்கொலை செய்தவர் நிறுவனச் சொத்தைச் சேதப்படுத்தியவராகக் கணக்கெழுதப்படுகிறார். சிப்காட்டுக்குத் தினமும் பஸ் ஏறும் ஒருவர் இதை ஆடும்போது வெறும் கற்பனையாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஆனால் அந்த முதல் ஊரின் கூர்மை கேம் முழுக்க நிற்கவில்லை.

நியூ வேகாஸ் கடைசிவரை நிற்கிறது. ஹூவர் அணை யாருக்கு என்ற ஒரே கேள்வியைச் சுற்றி ஒரு குடியரசு, ரோமானியப் படையைப் போல் வேடமிட்ட ஓர் அடிமை ராஜ்ஜியம், ஒரு சூதாட்ட நகரத்தின் தனி முதலாளி, நான்காவதாக உங்கள் சொந்தப் பாதை. முடிவில், நீங்கள் கடந்துவந்த ஊர்களும் மனிதர்களும் என்ன ஆனார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். என் அளவுகோலுக்கு இதைவிட முழுமையான பதில் கிடையாது. பழைய கேம் என்பதால் திடீர் திடீரென்று நின்றுபோகும். ரசிகர்கள் இலவசமாகத் தரும் திருத்தங்களைப் போட்டுக்கொண்டு ஆடுங்கள்.

ஏடம் ஆர்பிஜி (ATOM RPG, 2018) என்ற ஒன்றும் உண்டு. 1986-இல் அணுப்போரில் சிதைந்த சோவியத் நாடு. பழைய ஃபால்அவுட் பாணி. சாதாரண லேப்டாப்பிலும் ஓடும்.

மோட்கள் பற்றி இரண்டு வார்த்தை

மோட் என்பது ஒரு கேமை ரசிகர்களே மாற்றி அமைத்துத் தருவது. இரண்டாம் உலகப் போர் வியூக கேமான ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4-க்கு ரசிகர்கள் செய்த கைசர்ரைக் மோடில் முதல் உலகப் போரை ஜெர்மனி ஜெயித்திருக்கிறது. இந்தியா மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. த நியூ ஆர்டர் என்ற இன்னொன்றில் இரண்டாம் போரையும் ஜெர்மனி ஜெயித்து, கதை 1962-இல் தொடங்குகிறது. எழுத்தின் தரம் இரண்டிலும் உயர்ந்தது. இரண்டாவது இருண்டது, இளம் பிள்ளைகளுக்கு வேண்டாம். இரண்டும் இலவசம், ஆனால் மூல கேம் வேண்டும், அதைக் கற்கவே வாரக்கணக்கில் ஆகும். செய்தித்தாள் போலக் கதை வந்து விழும். எதிரே உட்கார்ந்து பேசும் மனிதர் கிடைக்க மாட்டார்.

ஆக, எதை எடுப்பது

போன் மட்டும்தான் இருக்கிறதென்றால் 80 டேஸ், அல்லது சுசரெய்ன். இரண்டும் போனில் உண்டு. கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பிலும் அவை போதும். ஓரளவு நல்ல கம்ப்யூட்டர் இருந்து, வாரம் ஒரு விடுமுறை நாள் கையில் இருந்தால் குருசேடர் கிங்ஸ் 3. எக்ஸ்பெடிஷன்ஸ்: ரோமுக்குக் கட்டாயம் கிராபிக்ஸ் கார்டு வேண்டும்.

இவை எதிலும் தமிழ் கிடையாது. சுசரெய்னில் லட்சக்கணக்கான ஆங்கிலச் சொற்கள். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் தயங்க வேண்டாம்; வாக்கியங்கள் நேரானவை, நேரக் கெடு கிடையாது, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படிக்கலாம்.

பாரடாக்ஸ் கேம்களில் மூல கேமை மட்டும் தள்ளுபடி நாளில் வாங்குங்கள். விரிவாக்கங்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் தொகை பல மடங்காகிவிடும், முதல் ஆட்டத்துக்கு அவை தேவையும் இல்லை. ஸ்டீமில் யுபிஐ வழியாகவே பணம் கட்டலாம். வாங்கிப் 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். சுசரெய்னுக்கு அந்த 2 மணி நேரமே போதும். முன்கதை முடிந்து, பதவியேற்று, முதல் அமைச்சரவைக் கூட்டம் வருவதற்குள் இது உங்களுக்கான கேமா என்று தெரிந்துவிடும்.