டிமாடிக்: செக்கின் கவுன்டர்ல பாக்குற அதே விசா டேட்டாபேஸ், நாமளும் பாக்கலாம்

வெளிநாடு போறதுக்கு விசா வேணுமா, பாஸ்போர்ட்ல இன்னும் எத்தனை மாசம் பாக்கி இருக்கணும், நடுவுல ஒரு ஏர்போர்ட்ல ஃப்ளைட் மாறினா அதுக்குத் தனியா ஏதாச்சும் எடுக்கணுமானு தேடிக்கிட்டு இருக்கறவங்களுக்காகத்தான் இந்த ரிவ்யூ. எத்தனை வீடியோ வேணா பாருங்க, எத்தனை பேர்கிட்ட வேணா கேளுங்க, உங்களை ஃப்ளைட்ல ஏத்தலாமா வேண்டாமானு முதல்ல முடிவு பண்றது செக்கின் கவுன்டர்ல உக்காந்திருக்கறவங்க. அவங்க நூத்துக்கணக்கான நாட்டு ரூலை மனப்பாடம் பண்ணி வச்சிருக்க மாட்டாங்க இல்லையா, உங்க பாஸ்போர்ட்டை வாங்கி கம்ப்யூட்டர்ல தட்டிப் பாப்பாங்க. உலகத்துல பெரும்பாலான ஏர்லைன்ஸ்ல அப்படித் தட்டிப் பாக்குறது டிமாடிக்ங்கிற டேட்டாபேஸைத்தான். ஏர்லைன்ஸ்களோட சர்வதேச சங்கமான ஐஏடிஏ நடத்துறது.

இதுல நல்ல விஷயம் என்னன்னா அதே தகவலை நாமளும் காசில்லாம பாக்கலாம். பல பெரிய ஏர்லைன்ஸ் அவங்க சைட்லயே 'பாஸ்போர்ட், விசா, ஹெல்த்'னு ஒரு மூலையில வச்சிருப்பாங்க, டிக்கெட் வாங்காதவங்களும் பாத்துக்கலாம். யாரும் அதை விளம்பரம் பண்றதில்ல, அதனால பாதிப் பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. விக்கிபீடியாவுல 'இந்த நாட்டுக்காரங்களுக்கு எங்கெல்லாம் விசா வேண்டாம்'னு பெரிய பெரிய டேபிள் இருக்கே, அதுக்கு அடியில போய்ப் பாத்தீங்கன்னா பெரும்பாலும் டிமாடிக்தான் ஆதாரமா இருக்கும். வருஷா வருஷம் நியூஸ்ல வருமே, எந்த பாஸ்போர்ட் பவர்ஃபுல்லுனு ஹென்லி லிஸ்ட், அதுக்கும் ஐஏடிஏ டேட்டாதான். அப்ப நேரா அங்கயே போய்க் கேட்டுட்டா என்ன?

ஏர்லைன்ஸ் ஏன் இவ்வளவு கறாரா இருக்காங்கன்னு புரிஞ்சுக்கணும். சரியான பேப்பர் இல்லாத ஆளைக் கூட்டிட்டுப் போய் இறக்கினா, அந்த நாடு அவரை உள்ள விடலைன்னா, திருப்பிக் கூட்டிட்டு வர்ற பொறுப்பு ஏர்லைன்ஸுக்குத்தான், போதாக்குறைக்கு பல நாடுகள்ல அபராதமும் உண்டு, பிரிட்டன் சட்டத்துல ஒரு பயணிக்கு 2,000 பவுண்ட். அதனால கவுன்டர்ல 'நான் அங்க போய் பேசிக்கிறேன் சார்'னு எவ்வளவு கெஞ்சினாலும் வேலைக்கு ஆகாது. ஸ்க்ரீன்ல ஓகே வரலைன்னா போர்டிங் பாஸ் கிடையாது.

சரி, எப்படி இருக்குன்னு சொல்றேன். பாக்க அழகாவெல்லாம் இல்ல, ஏதோ பழைய ஆபீஸ் ஃபாரம் மாதிரி வரிசையா கட்டம் கட்டமா இருக்கும். எந்த நாட்டுக் குடியுரிமை, எந்த நாட்டுல குடியிருக்கீங்க, கையில இருக்கற டாக்குமென்ட் என்ன வகை, எந்த நாடு குடுத்தது, எப்ப காலாவதி, எங்க போறீங்க, எது வழியா போறீங்க, எதுக்குப் போறீங்க, எத்தனை நாள், ரிட்டர்ன் டிக்கெட் இருக்கா, வேற நாட்டு விசா ஏதாச்சும் வச்சிருக்கீங்களா, இப்படி. ஏர்லைன்ஸுக்கு ஏர்லைன்ஸ் கட்டம் கொஞ்சம் கூடும் குறையும். சோம்பேறித்தனப்பட்டு பாதியை விட்டுடாதீங்க, ஏன்னா ஒவ்வொரு கட்டத்துக்கும் பதில் மாறும். சாதாரண விசா சைட்டுங்க குடியுரிமையையும் போற நாட்டையும் மட்டும் கேட்டுட்டு 'விசா தேவை'னு ஒரே வரியில முடிச்சிடும், ஆனா அதே குடியுரிமை உள்ள ரெண்டு பேர்ல ஒருத்தர் வேற நாட்டுல நிரந்தரமா தங்குற உரிமைக்கான அட்டை வச்சிருந்தா கதையே வேற. மெக்சிகோவை எடுத்துக்கங்க, அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் (ஒரே விசாவுல போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளோட கூட்டம்) இதுல ஏதாச்சும் ஒரு செல்லுபடியாகுற விசா இருந்தா மெக்சிகோ விசா தனியா எடுக்க வேண்டாம். இந்த மாதிரி 'அந்த விசா இருந்தா இது வேண்டாம்' விஷயங்களை டிமாடிக் அளவுக்குத் தெளிவா சொல்ற இடம் நான் வேற பாக்கல.

இன்னொண்ணு, டாக்குமென்ட் வகை. எல்லார்கிட்டயும் சாதாரண பாஸ்போர்ட் இருக்கறதில்ல. அகதிகளுக்குக் குடுக்குற பயண ஆவணம், நாடற்றவங்களுக்குக் குடுக்குறது, கப்பல்ல வேலை பாக்குறவங்களோட சீமேன் புக், அவசரத்துக்கு தூதரகம் குடுக்குற தற்காலிக பாஸ்போர்ட், இதெல்லாம் இங்க தனித்தனியா தேர்வு பண்ணலாம். அகதி ஆவணத்துல போற ஒருத்தருக்கு ட்ராவல் ஏஜென்ட்டுங்க சொல்ற பதில் முக்காவாசி உத்தேசம்தான், அவங்களுக்கு பாஸ்போர்ட்காரங்களோட ரூல் மட்டும்தான் தெரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதை சிபாரிசு பண்ணுவேன்.

ரிசல்ட் வர்றது தனித்தனி பகுதியா வரும், பாஸ்போர்ட், விசா, ஹெல்த்னு, சில இடத்துல கஸ்டம்ஸ், எவ்வளவு பணம் கொண்டு போகலாம்கிறதும் வரும். மொழி கொஞ்சம் வறட்சியாதான் இருக்கும், முதல் வரியில 'விசா தேவை'னு இருக்கும், அதைப் பாத்ததுமே மூடிடக் கூடாது, அதுக்குக் கீழதான் 'இவங்க தவிர, இவங்க தவிர'னு விதிவிலக்கு நீளமா போகும், உங்க கேஸ் பெரும்பாலும் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். பாஸ்போர்ட் பகுதியையும் தாண்டிப் போயிடாதீங்க. எல்லாரும் ஆறு மாசம் ஆறு மாசம்னு ஒரே பாட்டு பாடுவாங்க, ஆனா எல்லா நாட்டுலயும் ஆறு மாசம் கிடையாது. சில நாடு தங்குற நாள் வரைக்கும் செல்லுபடியானா போதும்ங்கும். ஷெங்கன் ஏரியாவுல ரெண்டு கண்டிஷன் சேர்ந்து வரும், திரும்புற தேதிக்கு அப்புறம் மூணு மாசம் இருக்கணும், கூடவே பாஸ்போர்ட் குடுத்து பத்து வருஷம் தாண்டியிருக்கக் கூடாது. இந்த ரெண்டாவது கண்டிஷன்ல நிறைய பிரிட்டிஷ்காரங்க ஏர்போர்ட் வரைக்கும் போய்த் திரும்பியிருக்காங்க, ஏன்னா 2018 செப்டம்பர் வரைக்கும் அங்க பழைய பாஸ்போர்ட்ல மிச்சமிருந்த மாசத்தைப் புதுசுல சேர்த்துக் குடுத்தாங்க, காலாவதி தேதியைப் பாத்தா இன்னும் நாள் இருக்கற மாதிரியே தெரியும், குடுத்த தேதியைப் பாத்தா பத்து வருஷம் முடிஞ்சிருக்கும்.

ஹெல்த் பகுதியில முக்கியமா பாக்க வேண்டியது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. நீங்க எந்த நாட்டுக்காரர்ங்கிறதை வச்சு இல்ல, எந்த நாட்டுல இருந்து வர்றீங்க, எந்த ஏர்போர்ட்ல எவ்வளவு நேரம் காத்திருந்தீங்கங்கிறதை வச்சு கேப்பாங்க, பல நாட்டுல 12 மணி நேரம்தான் கணக்கு. ஊசி போட்டு பத்து நாள் கழிச்சுதான் சர்ட்டிஃபிகேட் செல்லும், அதனால கிளம்புறதுக்கு முந்தின நாள் ஓடிப் போய் போட்டுக்கிட்டா பிரயோஜனம் இல்ல. பத்து வருஷத்துக்கு ஒருதடவை போடணும்னு இன்னும் சிலர் சொல்லிட்டு இருக்காங்க, 2016 ஜூலையில இருந்தே அது ஆயுசுக்கும் செல்லும்.

இப்ப குறை. ட்ரான்சிட் கட்டம், அதாவது நடுவுல ஃப்ளைட் மாறுற ஊரைப் போடுற கட்டம்தான் இதுல பெரிய தலைவலி. நீங்க போற வழியை நீங்களே சரியா போடணும், போடலைன்னா அது கேக்காது, அது பாட்டுக்கு போற நாட்டுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு நிக்கும். அமெரிக்கா வழியா வேற நாட்டுக்குப் போறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், அங்க ஏர்போர்ட்டுக்குள்ளயே இருந்துட்டு அடுத்த ஃப்ளைட் பிடிக்கிற வசதியே கிடையாது, எல்லாரும் இமிக்ரேஷன்ல நின்னாகணும், அதனால ரெண்டு மணி நேரம் நிக்கறதுக்கும் பெரும்பாலான வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒண்ணு விசா இல்லன்னா இஸ்டா (விசா வேண்டாத நாட்டுக்காரங்க ஆன்லைன்ல முன்கூட்டியே வாங்குற அனுமதி) இருக்கணும். சில ஷெங்கன் ஏர்போர்ட்ல, பிரிட்டன்ல எல்லாம் குறிப்பிட்ட நாட்டுக்காரங்களுக்கு வெளியவே வராட்டியும் ட்ரான்சிட் விசா உண்டு. அதுலயும் தனித்தனி டிக்கெட்டா வாங்கி நடுவுல பெட்டியை எடுத்து மறுபடியும் செக்கின் பண்ற மாதிரி இருந்தா அது ட்ரான்சிட்டே இல்ல, அந்த நாட்டுக்குள்ள நுழையறதாதான் அர்த்தம். ஒரு டிக்கெட் சைட் (பேரு வேண்டாம்) மலிவா கிடைக்குதுன்னு இப்படி ரெண்டு கம்பெனி டிக்கெட்டை ஒட்டி என்கிட்ட வித்துச்சு, விசா பத்தி மூச்சு விடல, கீழ பொடி எழுத்துல 'பயணியின் பொறுப்பு'னு மட்டும் போட்டிருந்தாங்க. டிமாடிக்ல நடுவுல இருக்கற ஊரையே போற இடமா போட்டு ஒருதடவை, கடைசி ஊரைப் போட்டு ஒருதடவைனு தனித்தனியா பாத்தாதான் முழுசா தெரியுது. இதை அவங்களே ஒரு டிக் பாக்ஸா வச்சிருக்கலாம்.

அடுத்த குறை, நாள் கணக்கு. ஷெங்கன்ல 180 நாளுக்குள்ள 90 நாள்னு ரூலை சொல்லும், ஆனா நீங்க ஏற்கனவே எத்தனை நாள் தங்கிட்டீங்கன்னு அதுக்குத் தெரியாது, இறங்குற நாளும் கிளம்புற நாளும் சேர்த்துதான் எண்ணணும், அதுக்கு ஐரோப்பிய யூனியன் சைட்லயே கால்குலேட்டர் இருக்கு, அதையும் சேர்த்துப் பாருங்க. 2025 அக்டோபர்ல இருந்து அங்க பாஸ்போர்ட்ல முத்திரை குத்துறதுக்குப் பதிலா கைரேகையும் முகமும் பதிஞ்சுக்கிற சிஸ்டத்தைப் படிப்படியா கொண்டு வந்தாங்க. இனிமே கம்ப்யூட்டரே எண்ணிடும், முத்திரை மங்கலா இருந்துச்சுனு தப்பிக்க முடியாது.

விசா எப்படி எடுக்கறதுங்கிறது இதோட வேலையே இல்ல. வேணும்னு மட்டும் சொல்லும், அதுக்கு மேல நீங்கதான் அந்த நாட்டு அரசாங்க சைட்டுக்குப் போகணும். போறப்ப கூகுள்ல முதல்ல வர்றதையெல்லாம் கண்ணை மூடிட்டு அமுக்காதீங்க, விளம்பரம்னு போட்டு வர்றதுல நிறைய இடைத்தரகர் சைட், சின்னமும் கலரும் அரசாங்க சைட் மாதிரியே இருக்கும். கனடா ஈடிஏவுக்கு (இதுவும் விசா வேண்டாதவங்க ஆன்லைன்ல முன்கூட்டியே வாங்குற அனுமதிதான்) அரசாங்கம் வாங்குறது 7 கனடா டாலர்தான், அதுக்குப் பல மடங்கு வாங்கிட்டு நீங்க தட்டின அதே விவரத்தை அவங்க இன்னொருதடவை தட்டுவாங்க, அவ்வளவுதான் சர்வீஸ். இதைவிடக் கொடுமை, சிங்கப்பூர் அரைவல் கார்டு (போய் இறங்குறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல நிரப்புற ஃபாரம்), தாய்லாந்துல 2025 மே மாசத்துல இருந்து வந்த டிஜிட்டல் அரைவல் கார்டு, இதெல்லாம் முழுக்க இலவசம், இதுக்கும் காசு வாங்குற ஆளுங்க இருக்காங்க.

மார்க் போடணும்னா 5க்கு 4 போடுவேன். ட்ரான்சிட்டுக்காக ஒண்ணு குறைச்சாச்சு, மொபைல்ல அந்த நாட்டு லிஸ்ட்டை உருட்டி உருட்டிக் கை வலிச்சதுக்கு இன்னொரு அரை மார்க் குறைக்கலாம்தான், இலவசமா குடுக்கறாங்களேனு விட்டுட்டேன்.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கங்க, இதுல ஓகேனு வந்தா ஃப்ளைட் ஏறலாம்னுதான் அர்த்தம், இறங்கின எடத்துல இமிக்ரேஷன் ஆபீசர் தங்குற இடம், கையில பணம், திரும்புற டிக்கெட்னு கேக்கத்தான் செய்வார், விசா ஸ்டிக்கரே ஒட்டியிருந்தாலும் உள்ள விடறதும் விடாததும் அவர் கையில. பிலிப்பைன்ஸ் மாதிரி நாடுகள்ல திரும்புற டிக்கெட்டைப் பெரும்பாலும் ஏறுறதுக்கு முன்னாடியே கவுன்டர்ல கேட்டுடுவாங்க. அப்புறம் டிக்கெட் புக் பண்றதுக்கு முன்னாடி ஒருதடவை, கிளம்புற வாரத்துல ஒருதடவைனு பாத்துடுங்க, ஏன்னா ரூல் நடுவுல மாறிடும். பிரிட்டனுக்கு ஐரோப்பாக்காரங்க சும்மா பாஸ்போர்ட்டோட போயிட்டு இருந்தாங்க, 2025 ஏப்ரல் 2ல இருந்து அவங்களுக்கும் ஈடிஏ வந்துடுச்சு, அடுத்த வாரமே கட்டணம் 10 பவுண்ட்ல இருந்து 16 ஆச்சு. மேல சொன்ன அரைவல் கார்டு ரெண்டையும் இறங்குறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ளதான் போட முடியும், அதனால அந்தக் கடைசி வாரத்துல எப்படியும் ஒருதடவை உக்காந்துதான் ஆகணும், அப்பவே இதையும் தட்டிப் பாத்துடலாம்.