சிகாகோ இணைய அகராதியில் ‘சகேஸிட்டி’: மொரீஷியஸ் மாணவருக்குப் போதுமா?

சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்துக்குக் காசும் வேண்டாம், பதிவும் வேண்டாம். 1862இல் வெளிவந்த வின்ஸ்லோவின் தமிழ்–ஆங்கில அகராதி, 1924 முதல் 1936 வரை வந்த சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகன், 1965இன் சிதம்பரநாதன் செட்டியார் ஆங்கிலம்–தமிழ் அகராதி எல்லாம் அங்கே உண்டு. எச்எஸ்சி என்ற பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலக் கட்டுரைத் தாளான ஜெனரல் பேப்பருக்குப் படிப்பவர் ‘சகேஸிட்டி’ (sagacity) என்ற ஆங்கிலச் சொல்லை அதில் தேடினால் என்ன கிடைக்கும்?

முதலில் செட்டியார் அகராதியில் தேடுங்கள். தமிழ்ச் சொற்கள் வரிசையாக வந்து விழும். எது எங்கே பொருந்தும் என்பதற்கு எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்காது. கிடைத்த ஒவ்வொரு சொல்லையும் லெக்சிகனில் தமிழ் எழுத்திலேயே தட்டிப் பொருளைச் சரிபாருங்கள். இந்த இரண்டாம் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் ‘ஞானம்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஞானம் ஆன்மிகப் பக்கம் சாயும். சகேஸிட்டி ஆளையும் நிலைமையையும் சட்டென எடைபோடும் கூர்மை. 636ஆம் குறள் அமைச்சருக்குச் சொல்லும் ‘மதிநுட்பம்’ இதற்குக் கச்சிதம்.

தளம் கைவிடும் இடம், நம் தீவில் பிரெஞ்சோடு வளரும் பிள்ளைகளின் குழப்பம். வீட்டில் ‘ஸ்வா ஸாஜ்’ என்றால் குறும்பு செய்யாமல் இரு என்று பொருள். அதே எழுத்துகளை ஆங்கிலத்தில் ‘ஸேஜ்’ என்று படித்தால் ஞானி. ஒரு மூலிகைக்கும் அதே பெயர். சகேஸிட்டி இவற்றில் எதோடும் ஒட்டாது. ஞானியைக் குறிக்கும் ஸேஜ், லத்தீன் ‘சபேரே’ வழி வந்தது. சகேஸிட்டி வந்ததோ மோப்பக் கூர்மையைக் குறிக்கும் ‘சகாக்ஸ்’ என்ற சொல்லிலிருந்து. பழைய ஆங்கில நூல்களில் நாயையும் யானையையும் இச்சொல்லால் புகழ்ந்தது அதனால்தான். அடக்கமான பையனுக்கு இது பொருந்தவே பொருந்தாது.

பயன்பாட்டில் கவனிக்க வேண்டியவை சில. இது எண்ண முடியாத பெயர்ச்சொல். முன்னால் ‘எ’ (a) போடக்கூடாது. ‘ஹி ஹாட் த சகேஸிட்டி டு வெயிட்’ என்பது சரியான அமைப்பு. பேச்சில் ‘குட் ஜட்ஜ்மென்ட்’ போதும். இது கட்டுரைக்குரிய சொல். அழுத்தம் இரண்டாம் அசையில் விழ வேண்டும். பிரெஞ்சுப் பழக்கத்தில் கடைசி அசையை இழுத்தால் கெட்டுப்போகும். உரிச்சொல்லில் ஒலியும் மாறும்: ‘சகேஷஸ்’. தளத்தில் ஒலிப்பதிவு கிடையாது.

சொற்பொருளுக்கு இந்தத் தளத்தைத் தாராளமாக நம்பலாம். வாக்கியம் அமைக்க, எடுத்துக்காட்டுகள் உள்ள ஓர் ஆங்கிலக் கற்போர் அகராதி பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். பிரெஞ்சு நேராக உதவும் இடமும் ஒன்று உண்டு: ‘விஸ்டம் டூத்’. அதன் பிரெஞ்சுப் பெயரான ‘தான் த ஸஜெஸ்’ தெரிந்த பிள்ளைக்கு ஞானப்பல்லை விளக்கவே வேண்டாம்.