வீட்டுக்கு வைத்தியரை அழைக்கும் முன்: வெள்ளவத்தையில் எங்களுக்கு நேர்ந்தது

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் 74 வயதான அம்மாவுடன் வசிக்கிறோம். மின்தூக்கி மாதத்தில் பாதி நாள் இயங்காது. அம்மாவுக்கு நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் முழங்கால் நோவும் உண்டு. ஆகவே, 45 நிமிடத்தில் வைத்தியர் வாசலுக்கு வருவார் என்று முகநூலில் ஒரு விளம்பரத்தைக் கண்டதும், என்றாவது உதவும் என்று அந்த இலக்கத்தைக் கைபேசியில் சேமித்து வைத்தவன் நானே. முறைப்பாடு இன்னும் முடியாததால் அந்தச் சேவையின் பெயரை எழுதவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 5.30க்கு அம்மா வழமைபோல எழுந்து தானே தேநீர் போட்டுக் குடித்தார். 6.15 அளவில் அவருடைய வலது கையிலிருந்து கோப்பை நழுவி விழுந்தது, பேச்சுக் குழறியது, வாய் ஒரு பக்கமாகக் கோணியது. படிகளில் அவரை எப்படி இறக்குவது என்ற ஒரே யோசனையில், சேமித்து வைத்த இலக்கத்தை அழைத்தேன். தொலைபேசியில் பேசிய பெண் கேட்டவை முகவரி, மாடி இலக்கம், முற்பணம் ஆகிய மூன்றுதான். என்ன வருத்தம் என்று அவர் கேட்கவில்லை. பேச்சுக் குழறுகிறது என்று நானாகச் சொன்னபோது, "வைத்தியர் வந்து பார்ப்பார்" என்றார். 8,000 ரூபாவை வங்கிக் கணக்குக்கு அனுப்பிய பின்னரே வாகனம் புறப்படும் என்றும் சொன்னார். அனுப்பினேன்.

மூன்று தடவை திரும்ப அழைத்து, மூன்று தடவையும் "பாலத்தடியில் நிற்கிறார்கள்" என்ற பதிலைக் கேட்ட பிறகு, 9.10க்கு ஓர் இளைஞர் பையுடன் வந்தார். அவர் வைத்தியர் அல்லர். வைத்தியர் காணொளி அழைப்பில் பேசுவார் என்றார், அந்த அழைப்பும் இணைப்புக் கோளாறு என்று இரண்டு நிமிடத்தில் அறுந்தது. இரத்த அழுத்தம் 190க்கு 100 என்று பார்த்துவிட்டு, "பிறஷர் கூடிவிட்டது, களைப்பும் இருக்கிறது" என்று சேலைன் ஏற்றி, விற்றமின் ஊசி போட்டு, இரண்டு அஸ்பிரின் மாத்திரைகளை விழுங்கச் செய்தார். தண்ணீர் புரையேறி அம்மா இருமியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மொத்தம் 18,500 ரூபா. 9.50க்கு அவர் போய்விட்டார்.

10.30க்கு அம்மாவால் வலது காலையும் அசைக்க முடியாமற் போனது. கீழ் வீட்டு அக்கா ஓடி வந்து பார்த்துவிட்டு 1990க்கு அழைத்தார். 2016இல் இந்திய நிதியுதவியுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அந்த இலவச அம்புலன்ஸ் சேவையை நான் வீதி விபத்துக்கு மட்டுமானது என்று நினைத்திருந்தேன். வந்தவர்கள் அம்மாவை நாற்காலியில் இருத்தியே நான்கு மாடியும் இறக்கினார்கள்.

அரச வைத்தியசாலையில் வைத்தியர் கேட்ட முதற் கேள்வி, கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பது. பாரிசவாதம் இரத்தக் கட்டியால் வந்ததாயின், அதைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். எங்கள் கணக்கில் அது 10.45. நாங்கள் உள்ளே நுழைந்தபோது 11.10. அதைவிட என்னை உலுக்கியது அவர் அடுத்துச் சொன்னது: மூளையில் அடைப்பா, இரத்தக் கசிவா என்பதை சிடி ஸ்கான் இல்லாமல் எவராலும் பிரித்தறிய முடியாது, கசிவாக இருந்திருந்தால் அந்த அஸ்பிரின் நிலைமையை மோசமாக்கியிருக்கும், விழுங்கும் திறனைச் சோதிக்காமல் வாயால் எதுவும் கொடுக்கவே கூடாது. அதாவது அன்று 45 நிமிடத்தில் உண்மையான வைத்தியரே வந்திருந்தாலும், வைத்தியசாலைக்கு அனுப்புவதைத் தவிர அவர் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. ஏமாற்றியது அவர்கள்தான், ஆனால் தவறான இலக்கத்தை அழைத்தது நான். நெஞ்சு நோவுடன் வியர்ப்பது, மூச்சுத் திணறல், வலிப்பு, நினைவு தப்புவது ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

வீட்டுக்கு வைத்தியரை அழைப்பதே பிழை என்று நான் சொல்லவில்லை. அம்மா இப்போது படுக்கையில் இருக்கிறார். சிறுநீர்க் குழாய் மாற்றவும், படுக்கைப் புண்ணைப் பார்க்கவும், மருந்தின் அளவைத் திருத்தவும் அருகிலுள்ள டிஸ்பென்சரி வைத்தியர் மாலையில் வந்து போகிறார். ஒரு நாள் பொறுத்தாலும் கெடாத, ஆனால் நோயாளியைத் தூக்கிச் செல்வது பெரும் பாடாக இருக்கும் வேலைகள் இவை. வருவதற்கு முன் அவர் பத்து நிமிடமாவது தொலைபேசியில் விசாரிப்பார். சென்ற மாதம் அம்மாவுக்குக் காய்ச்சலோடு மூச்சு வாங்கியபோது, வர மறுத்து, உடனே அம்புலன்ஸை அழைக்கச் சொன்னவரும் அவரே.

புதிதாக ஒரு சேவையை அழைப்பவர்கள், வரப்போகும் வைத்தியரின் பெயரையும் இலங்கை மருத்துவ சபைப் பதிவிலக்கத்தையும் முதலில் கேளுங்கள். தரத் தயங்கினால் பணம் அனுப்பாதீர்கள். மருந்துச் சீட்டிலும் அவை இருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்த பற்றுச்சீட்டில் தொகையும் ஒரு கிறுக்கலும் மட்டுமே உள்ளன; இதனால் மருத்துவ சபைக்கு யார்மீது முறையிடுவது என்றே தெரியவில்லை. நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து, பற்றுச்சீட்டையும் வங்கிப் பரிமாற்றப் பதிவையும் கொடுத்திருக்கிறோம். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "வருகை நடந்துவிட்டது" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு, என் இலக்கத்தைத் தடைசெய்துவிட்டார்கள்.