நகலா, கலப்பா: ஒரு இனம் நிலைக்க எது உதவும்?

கொழுந்து இலையைத் திருப்பிப் பார்த்தால் பச்சையாக அப்பிக்கிடக்கும் அசுவினிகள் என்ற சிறு பூச்சிகள் கண்ணில் படும். கோடைக்காலக் கூட்டத்தில் ஆணே இருக்காது. தாய் தன் நகலான பெண் குட்டிகளை உயிரோடு ஈன்றுகொண்டே இருக்கும். கொஞ்சம் பொறுமையாக உற்றுப் பார்த்தால், குட்டி பின்பக்கமாக வெளியே வருவதையும் பார்க்கலாம். அந்தக் குட்டியின் வயிற்றுக்குள்ளேயே அடுத்த தலைமுறை வளரத் தொடங்கியிருக்கும்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நகல் முறைதான் லாபம். ஆண்கள் குட்டி போடுவதில்லையே! பாதிக் குட்டிகள் ஆணாகப் பிறக்கும் இனத்தைவிட, எல்லாமே பெண்ணாகப் பிறக்கும் இனம் இரண்டு மடங்கு வேகமாகப் பெருகும். ஆண்பால், பெண்பால் கலப்புக்கு உள்ள இந்தச் செலவைப் பரிணாம உயிரியலாளர் ஜான் மேனார்ட் ஸ்மித் தெளிவாகச் சுட்டிக்காட்டினார்.

சரி, நகல்களிடம் பரிணாமம் நடக்காதா? நடக்கும். அமெரிக்க உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988-இல் 12 குடுவைகளில் ஈ.கோலி பாக்டீரியாக்களை வளர்க்கத் தொடங்கினார். எல்லாம் நகலாகவே பெருகுபவை. சுமார் 31,000 தலைமுறைகளுக்குப் பிறகு ஒரே ஒரு குடுவையில் மட்டும், ஆக்சிஜன் இருக்கும்போதே சிட்ரேட் என்ற வேதிப்பொருளை உணவாக்கிக்கொள்ளும் வகை தோன்றியது. வழக்கமான ஈ.கோலியால் இது முடியாது. மரபணுவில் தானாக நேரும் சடுதிமாற்றங்களே இதற்குப் போதுமாக இருந்தன.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு நல்ல மாற்றம் ஒரு வம்சத்திலும் இன்னொன்று வேறொரு வம்சத்திலும் தோன்றினால், நகல் முறையில் அவை ஒன்றுசேர வழியில்லை. இரண்டும் போட்டி போட்டு, ஒன்று அழிந்துபோகும். கலப்பு முறையில் இரண்டும் ஒரே குட்டியிடம் வந்து சேரலாம். கெட்ட மாற்றங்களுக்கும் இதே கதிதான். நகல் வம்சத்தில் அவை சேர்ந்துகொண்டே போகும். கலப்பிலோ, அவை இல்லாத பிள்ளையும் பிறக்க வாய்ப்புண்டு. எனக்குக் கலப்பின் பெரிய பலமாகத் தெரிவது இதுதான்.

அப்புறம் நோய். 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குக் கருகல் நோய் பரவியபோது, ஏழைகள் பெரும்பாலும் நம்பியிருந்தது ‘லம்பர்’ என்ற ஒரே ரகத்தை. கிழங்கை வெட்டி நட்டே வளர்த்ததால் எல்லாம் ஒரே மரபணு. ஒரு செடியை வீழ்த்திய நோய்க்கு மற்றவற்றையும் வீழ்த்துவது கடினமாக இல்லை. பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். நியூசிலாந்து ஏரிகளில் ஒரே நத்தை இனத்தில் நகலாகப் பெருகுபவையும் கலந்து பெருகுபவையும் உண்டு. ஒட்டுண்ணிப் புழுக்கள் அதிகமுள்ள இடங்களில் கலப்பு நத்தைகளே அதிகம்.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கலப்பைத்தான் சொல்வேன். ஆனால் குளிர் நாடுகளின் அசுவினிகள் இரண்டையும் வைத்துக்கொள்கின்றன: கோடை முழுக்க நகல், இலையுதிர் காலத்தில் ஆண்கள் பிறக்க, இணைசேர்ந்து முட்டையிட்டுக் குளிரைக் கடக்கின்றன.

ஆய்வகத்தில் உயிரியை நகலெடுக்கும் குளோனிங் என்றாலே பலருக்கும் 1996-இல் பிறந்த டாலி ஆடுதான் நினைவுக்கு வரும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, வட அமெரிக்காவின் கருங்கால் ஃபெரெட் என்ற சிறு ஊனுண்ணி. இன்று உயிரோடிருப்பவை ஏறக்குறைய எல்லாமே 7 முன்னோரின் வாரிசுகள். வில்லா என்ற பெண் ஃபெரெட் அந்த ஏழில் இல்லை. அதன் செல்களை 1988-இல் உறையவைத்திருந்தார்கள். அவற்றிலிருந்து 2020-இல் எலிசபெத் ஆன் என்ற குளோன் பிறந்தது. பின்னர் பிறந்த இன்னொரு குளோனான அன்டோனியா, 2024-இல் ஆண் ஃபெரெட்டுடன் இயல்பாக இணைசேர்ந்து குட்டிகள் ஈன்றது. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் உறைநிலையில் கிடந்த மரபணுக்கள், அந்தக் குட்டிகளில் மறுபடி கலக்கத் தொடங்கியிருக்கின்றன.