21 நாளில் மாத்திரையை விட்டுவிடலாம் என்றார்கள்

மாத்திரையை நிறுத்தித் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்தின் பதிவுப் படிவத்தில் 42 கேள்விகள். காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள், கோபம் வருமா, மலச்சிக்கல் உண்டா, சின்ன வயதில் பயந்துபோன சம்பவம் ஏதாவது நினைவிருக்கிறதா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை வருடமாக என்கிற மூன்றை மட்டும் கேட்கவில்லை. பணம் கட்டும் அவசரத்தில் எனக்கும் அது உறைக்கவில்லை.

பதற்றத்துக்கான மாத்திரையை நிறுத்த நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அந்த நிறுவனத்தின் பெயரை நான் போடவில்லை. இந்தப் பெயர் கெட்டால் இன்னொரு பெயரில் வருவார்கள், பேச்சு மட்டும் மாறாது. அதனால் பேச்சைத்தான் சொல்கிறேன்.

எனக்கு எழுதிக் கொடுத்தது அல்பிரசோலம். அரை மில்லிகிராம், காலையில் ஒன்று, இரவில் ஒன்று. வீட்டில் ஒரு சாவுக்குப் பிறகு தூக்கம் போய், நெஞ்சுப் படபடப்பும் சேர்ந்துகொண்ட சமயம் அது. "கொஞ்ச நாளைக்குப் போடுங்க" என்றார் டாக்டர். அந்தக் கொஞ்ச நாள் மூன்று வருடமானது. போகும்போதெல்லாம் சீட்டைப் புதுப்பித்துக் கொடுத்தார்; நிறுத்துவதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பென்சோடயசெபைன் என்கிற இந்த வகை மாத்திரைகளை இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் 1988-லேயே மருத்துவர்களுக்குச் சொல்லிவிட்டார்கள். சொன்ன அளவில் சாப்பிட்டாலும் உடம்பு இதற்குப் பழகிவிடும், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று 2020-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கட்டம் கட்டி எச்சரித்தது. இதெல்லாம் பட்ட பிறகு படித்தது.

மூன்றாம் வருடம் ஒன்றைக் கவனித்தேன். சாயங்காலம் நான்கு மணியானால் விரல் லேசாக நடுங்கும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். காலை மாத்திரை அடங்கி, இரவு மாத்திரைக்கு இன்னும் நேரம் இருக்கிற இடைவெளி அது. அல்பிரசோலம் சீக்கிரம் இறங்கிவிடுகிற மருந்து. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகச் சராசரியாக 11 மணி நேரம் போதும். கடிகாரத்தைப் பார்த்து மாத்திரைக்குக் காத்திருக்கிற ஆளாகிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடுதான் அவர்களுக்கு போன் போட்டேன்.

அவர்கள் பிடித்துக்கொண்டதும் அந்த வெட்கத்தைத்தான். ஆலோசகர் என்று பேசிய பெண் பத்து நிமிடத்தில் "அடிமை" என்ற சொல்லை ஏழெட்டு முறையாவது சொல்லியிருப்பார். "மேடம், நீங்க மாத்திரைக்கு அடிமையாயிட்டீங்க. 21 நாள்ல உங்களை வெளியே கொண்டுவர்றது எங்க பொறுப்பு. ஒரு கஷ்டமும் தெரியாது." டாக்டர் எழுதிக் கொடுத்த அளவைத் தாண்டி ஒரு மாத்திரைகூட நான் போட்டதில்லை. உடம்பு ஒரு மருந்துக்குப் பழகிப்போவது வேறு, அடிமையாவது வேறு. அது அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்தே சொல்லியிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வெட்கப்படுகிறவர் கேள்வி கேட்கமாட்டார், சீக்கிரம் பணம் கட்டுவார்.

திட்டம் இதுதான். முதல் நாளிலிருந்தே பாதி, நான்காம் நாள் கால், ஏழாம் நாளோடு பூஜ்யம். பதிலுக்கு ஒரு பச்சை கேப்சூல், நாளைக்கு ஆறு. டப்பாவில் "இயற்கை மூலிகைக் கலவை" என்பதைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது. என்ன மூலிகை என்று கேட்டதற்கு, "அது எங்க ஃபார்முலா மேடம்" என்று சிரித்தார்கள். சோப்புக்கட்டி வாங்கினால்கூட உறையைத் திருப்பிப் பார்க்கிறவள் நான். இதை விட்டுவிட்டேன்.

பாதி மாத்திரையே தாங்கவில்லை, கால் மாத்திரையில் தூக்கம் போனது. எட்டாம் நாளைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். ஒன்பதாம் நாள் இரவு ஃப்ரிட்ஜ் இரைகிற சத்தம் தாங்க முடியவில்லை. தம்பியை எழுப்பி அதை அணைக்கச் சொன்னேன். அவன் அதன் கதவில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "ஓடவே இல்லையே அக்கா" என்றான். சத்தம் என் காதுக்குள் இருந்திருக்கிறது. வாயில் பழைய காசைச் சப்பியதுபோல ஒரு ருசி. விளக்கைப் போட்டால் வெளிச்சம் கண்ணில் குத்தியது. நடந்தால் தரை படகுப் பலகை மாதிரி அசைந்தது. படுத்தால் கால் தானாக வெட்டி இழுத்தது.

இரவு இரண்டு மணிக்கு அவர்களுக்குச் செய்தி அனுப்பினேன். விடிந்ததும் ஒரு குரல் பதிவு வந்தது: "நச்செல்லாம் வெளியேறுது மேடம், நல்ல அறிகுறி. கேப்சூலை எட்டாக்கிக்கோங்க." வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிலையில் யார் "நல்லது" என்று சொன்னாலும் நம்பத் தோன்றும்.

நம்பாதவன் தம்பி. தண்ணீர் டம்ளர் என் கையில் உதறி, பாதி மடியில் கொட்டியதைப் பார்த்தவன், "அக்கா, செருப்பைப் போடு, கிளம்பு" என்றான். அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் நாடியைப் பிடித்தபடி கேட்ட முதல் கேள்வி: "எந்த மாத்திரையை நிறுத்தினீங்க?" அடுத்தது, எத்தனை மில்லிகிராம். அதற்கடுத்தது, எத்தனை வருடம். அரை நிமிடத்தில் மூன்றும் முடிந்தது. "வலிப்பு வராம வந்து சேர்ந்தீங்களே, அதுவே பெரிசு" என்றார். கேப்சூல் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத எதையும் இந்த மாத்திரையோடு சேர்க்கக் கூடாது என்றார். தூக்கத்துக்கு என்று பல நாடுகளில் விற்கிற ஃபெனிபட் போன்றவற்றுக்கும் உடம்பு பழகிவிடும், நிறுத்தினால் ஏறக்குறைய இதே பாடுதான்.

என்ன நடந்தது என்று பிறகு மனநல மருத்துவர் விளக்கினார். மூளையின் வேகத்தை அடக்க காபா என்று ஒரு ரசாயனம் இருக்கிறது. அல்பிரசோலம், குளோனசெபாம், லோரசெபாம், டயசெபாம் எல்லாம் அந்தக் காபாவின் பிடியை இறுக்குகிறவை. மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஒருவர் கடிவாளத்தைப் பிடித்துக் கொடுத்தால், மூளை தன் பிடியைத் தளர்த்திக்கொள்கிறது. ஒரே வாரத்தில் அந்தக் கையை எடுத்தால் குதிரை என்ன செய்யும்? நச்சும் இல்லை, வெளியேற்றமும் இல்லை. மூளை தன் பிடியைத் திரும்ப இறுக்கிக்கொள்ள வாரங்களும் மாதங்களும் வேண்டும், அவ்வளவுதான்.

அவர் அல்பிரசோலத்தை மறுபடி கொடுத்து முதலில் என்னை நிலைக்குக் கொண்டுவந்தார். அப்புறம் சிறிது சிறிதாக டயசெபாமுக்கு மாற்றினார். என் 1 மில்லிகிராமுக்கு ஈடு சுமார் 20 மில்லிகிராம். எண்ணைப் பார்த்துப் பயந்தேன். மாத்திரைக்கு மாத்திரை வீரியம் வேறு என்றார். டயசெபாம் உடம்பில் நெடுநேரம் தங்குவதால் அந்த நான்கு மணி நடுக்கம் வரவில்லை. எல்லோருக்கும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை, ஈரல் கோளாறு இருப்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும் கணக்கே வேறு. இந்த மாற்றத்தை யாரும் வீட்டில் உட்கார்ந்து தாங்களே செய்துகொள்ளக் கூடாது.

டயசெபாமுக்கு மாற்றி மெதுவாக இறக்குகிற இந்த வழி ஒன்றும் புதிதல்ல. ஹெதர் ஆஷ்டன் என்ற பேராசிரியர், இந்த மாத்திரைகளை நிறுத்துகிறவர்களுக்கென்றே 1982 முதல் 1994 வரை இங்கிலாந்தின் நியூகாசிலில் ஒரு கிளினிக் நடத்தி, இப்படித்தான் மெதுவாக இறக்கியிருக்கிறார். 2025-ல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும், இரண்டு நான்கு வாரங்களுக்கு ஒரு முறை 5 முதல் 10 சதவீதம் குறைத்துத் தொடங்கச் சொல்கிறது. எப்படியும் இரண்டு வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. எனக்கு ஏழு நாளில் நூறு சதவீதம் குறைத்தார்கள்.

மெதுவாக இறக்கினாலும் சுகமாக இருக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு குறைப்புக்கும் பிறகு சில நாள் தூக்கம் கெடும், உடம்பில் எறும்பு ஊரும், நன்றாக இருந்த நாளுக்கு மறுநாளே மனம் சரிந்து கிடக்கும். எனக்குக் கைகொடுத்தது ஒரு நோட்டு. தேதி, அளவு, எத்தனை மணி நேரம் தூக்கம், என்ன தொந்தரவு என்று நாலு கட்டம். "பழைய பதற்றம் திரும்பிவிட்டது, மாத்திரை இல்லாமல் நம்மால் முடியாது" என்று மனம் அழும்போது அதைப் புரட்டுவேன். காதிரைச்சல், காசு ருசி, கண் கூச்சம் இவையெல்லாம் மாத்திரை தொடங்குவதற்கு முன் எனக்கு இருந்ததே இல்லை. அப்படியானால் இது பழைய நோய் இல்லை, மருந்து இறங்குகிற வேலை. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிறகு பயம் பாதியாகக் குறைந்தது. நெஞ்சு படபடக்கும்போது ஓடாமல், மூச்சை நீளமாக வெளியே விட்டபடி அதே இடத்தில் உட்காரப் பழக்கியது உளவியல் சிகிச்சை. காபியைக் குறைத்தேன். மதுவின் பக்கம் போகவே கூடாது, அதுவும் காபாவைத்தான் தொடுகிறது. நடுவில் ஒரு காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எழுத வந்த டாக்டரிடம் டயசெபாமைக் குறைத்துக்கொண்டிருப்பதைச் சொன்னேன். சிப்ரோஃப்ளாக்சசின் வகை இந்த நேரத்தில் தொந்தரவைக் கூட்டலாம் என்று வேறு எழுதினார்.

வலிப்பு, ஆள் குழம்பிப் பேசுவது, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, செத்துவிடலாம் என்ற எண்ணம், இவற்றில் எது வந்தாலும் நோட்டு பார்க்கிற வேலையெல்லாம் இல்லை. நேராக அவசரப் பிரிவு.

பணத்தைக் கேட்டேன். "திட்டத்தை நீங்களே பாதியில் கைவிட்டதால் விதிப்படி திருப்பித் தர இயலாது" என்று பதில் வந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டை அனுப்பினேன். ஐந்து நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுதினால் பாதியைத் தருவதாகச் சொன்னார்கள். அந்தச் செய்தியையும், நச்சு வெளியேறுகிறது என்ற குரல் பதிவையும், கேப்சூல் டப்பாவையும் சேர்த்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் நுகர்வோர் குறைதீர்ப்புக்கும் புகாராகக் கொடுத்திருக்கிறேன். யாராவது இதே மாதிரி மாட்டியிருந்தால் டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள், செய்திகளை அழிக்காதீர்கள்.

13 மாதம் ஆகிறது. 20-லிருந்து 3 மில்லிகிராமுக்கு வந்திருக்கிறேன். நடுவில் ஒரு முறை ஆறு வாரம் ஒரே அளவில் நின்றோம். டாக்டரோ, "அதனால என்ன, நிக்கலாமே" என்றார். அடுத்தது இரண்டரை. இந்த வாரம் தூக்கம் சரியில்லை, அதனால் இன்னும் தேதி குறிக்கவில்லை.